முப்பத்தைந்தாவது ஓட்டை

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்பது கார்டுகளைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு ஷைமா ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ், இன்னிக்குக் கார்டு எழுதிப்போட்டீங்களா?"

"எந்தக் கார்டு?"

"சாப்பாட்டுக் கார்டுங்க."

ஆறாம் வகுப்பு பி பிரிவு. இரட்டைச் சடையில் ஒரு பக்கத்து ரிப்பன் அவிழ்ந்து தோளில் கிடந்தது. அதை அவள் கவனிக்கவில்லை. வாசற்படிக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றாள்.

"எழுதியாச்சு, போட்டும் ஆச்சு. உனக்கு அஞ்சு சாப்பாடுதான் மிச்சம். வீட்டுல சொல்லி அடுத்த அட்டை வாங்கிக்க."

சொல்லிவிட்டு டைப்ரைட்டர் பக்கம் திரும்பிவிட்டேன். ஆசிரியர்களின் சம்பளப் பட்டியல் பாதியில் நின்றது. நான்கு பெயர் அடித்த பிறகும் அவள் போகும் சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"இப்ப நோம்புங்க மிஸ்," என்றாள்.

என் விரல் எழுத்தின் மேலேயே நின்றுவிட்டது.

எங்கள் பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும். கட்டியவர்களுக்கு நாற்பது கட்டம் போட்ட மஞ்சள் அட்டை ஒன்று உண்டு. ஆனால் அது பிள்ளைகள் கையில் இருக்காது. சாப்பாட்டுக் கூடத்து வாசலில், சோறு போடும் சின்னாத்தாளிடம் இருக்கும். ஒரு பிள்ளை தட்டோடு வந்தால் சின்னாத்தாள் அட்டையை எடுத்து, ஒரு கட்டத்தில் பென்சிலால் தேதி எழுதி, பஸ் கண்டக்டர்கள் வைத்திருக்கும் ஓட்டை போடும் கருவியால் அதில் ஓர் ஓட்டை போடுவாள். முப்பத்தைந்தாவது ஓட்டை விழுந்ததும் அந்த அட்டை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். மறுநாள் காலை டப்பா என் மேசைக்கு வரும். நான் வீட்டுக்குக் கார்டு எழுதுவேன்.

முன்பெல்லாம் டைரியில் துண்டுச் சீட்டு வைத்து அனுப்பினார்கள். பிள்ளைகள் அதை ராக்கெட் செய்து விட்டார்கள். அட்டை தீர்ந்து, தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளை திரும்பிப் போக, பெற்றவர்கள் வந்து சத்தம் போட்டார்கள். அதனால் தாளாளர் பதினைந்து பைசாத் தபால் கார்டுக்கு மாறிவிட்டார். ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று செய்து கொடுத்தார்: 'தங்கள் மகன் / மகளின் மதிய உணவு அட்டையில் ____ சாப்பாடு மட்டுமே மீதம் உள்ளது.' பிறகு ஒருவர் வந்து, அட்டையில் இருப்பது எலி கடித்த ஓட்டை, என் பையன் அன்றைக்குப் பள்ளிக்கே வரவில்லை என்று சண்டை போட்டார். அதிலிருந்து, கடைசியாகச் சாப்பிட்ட பத்து நாட்களின் தேதியையும் கார்டின் அடியில் எழுத வேண்டும் என்று உத்தரவு.

ஷைமாவின் தேதிகளையும் நான்தான் எழுதினேன். ஜனவரி 31, பிப்ரவரி 1. பிறகு ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. பிறகு பதிமூன்றிலிருந்து பதினாறு வரை. நோன்பு பிப்ரவரி இரண்டாம் தேதி தொடங்கியிருந்தது. பள்ளியில் படிக்கும் நான்கைந்து முஸ்லிம் பிள்ளைகள் மதிய வேளையில் நூலகத்தில் போய் உட்காருவதை ஜன்னல் வழியே தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தும், எழுதும்போது பெயரைப் பெயராகவும் தேதியைத் தேதியாகவும் மட்டுமே எழுதியிருந்தேன்.

அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். உட்கார மாட்டேன் என்றாள். ஜன்னலுக்கும் மேசைக்கும் இடையில் நடந்துகொண்டே பேசினாள்.

"ஏன் கண்ணு, முடியலைன்னா வீட்டுல சொல்லியிருக்கலாமே. உன் வயசுக்குக் கட்டாயம் ஒண்ணும் இல்லையே?"

"அத்தாவும் அதேதான் சொன்னாருங்க. முடிஞ்ச நாளைக்கு மட்டும் வெச்சுக்கன்னாரு. நாந்தான் முப்பதும் வெப்பேன்னு சொல்லிப்போட்டேன்."

"ஏன்?"

"பெரியத்தாவாலதாங்க."

பெரியத்தா என்றால் அவள் அத்தாவின், அதாவது அப்பாவின், அண்ணன். ஒரே கடையில் இரண்டு பேரும் உட்காருகிறார்கள். அவளை வருகிற ஜூனில் இந்தப் பள்ளியிலிருந்து எடுத்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது பெரியத்தாவின் பேச்சு. அதொன்றும் மோசமான பள்ளி இல்லை. அவளுக்குத்தான் இங்கிருந்து போக விருப்பமில்லை. இங்கே சயன்ஸ் லேபில் ஒரு எலும்புக்கூடு இருக்கிறது, அங்கே இல்லை என்றாள். நோன்புக்கு முதல் நாள் பெரியத்தா கேட்டாராம்: 'பக்கத்துல ஒக்காந்து அம்புட்டுப் புள்ளைகளும் தின்னுட்டிருக்கறப்ப இவ எங்க நோம்பு வெக்கப்போறா?' அந்தக் கோபத்தில் இவள் சொன்ன பதில்தான் முப்பது.

"மூணு நோம்பு நல்லா இருந்துச்சுங்க. லீவு நாளும் வெச்சேன். செவ்வாய்க்கெழம பி.டி. பீரியடுல ஓடவிட்டுட்டாங்க. கண்ணக் கட்டிருச்சு. சின்னாத்தாக்கா பாத்துட்டு மோர் குடுத்தாங்க. மோர் குடிச்சா நோம்பு போச்சுல்லீங்க. போனது போச்சுன்னு சோறும் தின்னுட்டேன்."

"மறுநாள்?"

"மறுநா கால் தானா அங்க போச்சுங்க," என்றாள்.

சாயங்காலம் நோன்பு திறக்கும்போது அவள் அத்தா முதல் பேரீச்சம்பழத்தை அவளுக்குத்தான் தருவாராம். கஞ்சி வாங்கப் பள்ளிவாசலுக்குப் போகிற இடத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாராம். இதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு மறுபடியும் அழுகை வந்தது.

"கார்டு நாளைக்கு அத்தா கடைக்கு வந்துருமுங்க. போஸ்ட்மேன் அதப் படிச்சுப்போட்டுத்தான் குடுப்பாரு. 'பாய், உங்க மச்சான் நாத்திக்கெழம வர்றாராமுங்க'ன்னு தெருவுக்கே கேக்கறாப்பல சொல்லுவாரு. பெரியத்தா அங்கதான் ஒக்காந்திருப்பாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதத் திருப்பி எடுத்துருங்க மிஸ்."

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம், அதுவும் தற்காலிகம். நான் படித்தது அன்னூர்ப் பக்கம் ஒரு சத்துணவுப் பள்ளியில். அங்கே யார் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்று வீட்டுக்கு யாரும் எழுதியதில்லை. ஒரு வருடம் தவக்காலத்தில் கறி தின்பதில்லை என்று சர்ச்சில் நேர்ந்துகொண்டு, நான்காம் நாளே பேக்கரியில் முட்டை பப்ஸ் தின்றேன். முட்டை கறியா இல்லையா என்று ஒரு வாரம் எனக்குள்ளேயே வழக்காடினேன். அந்தப் பப்ஸுக்குத் தேதி போட்டு என் அப்பாவுக்கு யாரும் கார்டு அனுப்பவில்லை.

"நீ நூலகத்துக்குப் போ. நான் பாக்கறேன்," என்றேன். எதைப் பார்ப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

முதலில் சாப்பாட்டுக் கூடத்துக்குத்தான் போனேன். சின்னாத்தாள் கடைசிப் பந்தி முடித்து அண்டாவைச் சாய்த்து வைத்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ளைக்கு நோம்புன்னு உங்களுக்குத் தெரியாதாக்கா?"

"தெரியுமுங்க. அதனாலதான் வரிசைல நிக்க வேண்டாம்னு பின்னால கிரைண்டர்கிட்ட ஒக்கார வெச்சுப் போட்டேன்."

"போட்டதுதான் போட்டீங்க. ஓட்டை எதுக்குப் போட்டீங்க? ஓட்டை போடாட்டி கார்டே போயிருக்காதே!"

அவள் கையிலிருந்த தேங்காய் நாரைக் கீழே வைத்தாள். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல் பார்த்தாள்.

"நல்லாச் சொன்னீங்க அம்மணி. ஓட்டை போடாமச் சோறு போட்டா அது திருட்டுச் சோறாயிருமுங்களே. பட்டினி கெடந்து மயங்குன புள்ள. அது வயித்துல திருட்டுச் சோத்தையா போடச் சொல்றீங்க?"

நான் வெளியே வந்தேன்.

தபால் பெட்டி பள்ளிச் சுவரின் திருப்பத்தில், வேப்பமரத்தடியில் இருந்தது. மூன்று மணிக்குத் தபால் எடுப்பார்கள் என்று அதன் நெற்றியில் எழுதியிருந்தது. இரண்டு நாற்பதிலிருந்து அங்கே நின்றேன். பெட்டியின் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. எதிர்ச் சந்தில் சோடாக் கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, யாருக்கோ காத்திருப்பவள்போல் மரத்தைச் சுற்றி வந்தேன்.

மூன்றேகாலுக்கு ஒருவர் சைக்கிளில் வந்தார். பெட்டியைத் திறந்து பையை அடியில் பிடித்தார். கடிதங்களோடு என் ஒன்பது கார்டுகளும் சரிந்து விழுந்தன. மேலாக விழுந்த கார்டில் என் ஸ்டாம்ப்பின் ஊதா மை தெரிந்தது.

"ஏனுங்க, அதுல ஒண்ணு தப்பா எழுதிட்டேனுங்க. எடுத்துக்கறேன்."

"பையில உளுந்தா எடுக்க முடியாதுங்க," என்றார் அவர், பையின் வாயைக் கட்டிக்கொண்டே. "ஆபீஸ்ல வந்து எழுதிக் குடுங்க. அனுப்புனவிய கையெழுத்தும் சீலும் வேணும்."

அனுப்பியவர் தாளாளர். அவரிடம் போய்க் கையெழுத்துக் கேட்டால் ஏன் என்பார். அந்த 'ஏன்'க்குப் பதில் சொன்னால் தபால்காரருக்கு முந்தி நானே அதைத் தெருவில் சொன்னதாகிவிடும். சைக்கிள் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நின்றுவிட்டு ஆபீஸுக்குத் திரும்பினேன். ஷைமாவின் சேர்க்கைப் படிவத்தை எடுத்துக் கடை முகவரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை பிள்ளைகளுக்கு விடுமுறை, ஆபீஸுக்கு இல்லை. தலைவலி என்று சொல்லி லீவு போட்டேன். பத்து மணிக்கெல்லாம் உக்கடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கோட்டைமேட்டுக்கு நடந்தேன். நோன்பு மாதத்தில் அந்த வீதிகளின் பகல் வேறு மாதிரி இருக்கிறது. டீக்கடைகளுக்கு முன்னால் சாக்குத் திரை தொங்குகிறது. திரைக்குக் கீழே வேட்டிகளும் செருப்புகளும் மட்டும் தெரிகின்றன. எனக்கு ஒவ்வொரு காக்கிச் சட்டையும் தபால்காரராகத் தெரிந்தது.

கடை மெத்தைக் கடை. அவளுடைய அத்தா சிக்கந்தர் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து இலவம்பஞ்சை இரண்டு குச்சிகளால் அடித்துக்கொண்டிருந்தார். பஞ்சு எழும்பி, வெயில் விழுந்த இடத்தில் அவசரமே இல்லாமல் சுற்றியது. பனி பெய்கிற ஊர்களில் ஆட்கள் இப்படித்தான் புருவமெல்லாம் வெளுத்து உட்கார்ந்திருப்பார்களோ என்று நினைத்தேன். உள்ளே நாற்காலியில் வெள்ளைத் தாடியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெரியத்தா.

"வாங்க அம்மணி, என்ன வேணுமுங்க?"

என்ன சொல்வது என்று யோசித்திருக்கவில்லை. "தலகாணி," என்றேன்.

"ஒண்ணா, ரெண்டா? இலவம்பஞ்சா, பருத்தியா?"

"எதுன்னாலும்."

"எதுன்னாலும்னா கழுத்து வலிக்குமுங்களே," என்று சிரித்தார் சிக்கந்தர். "தூங்கறது நீங்களா, மாப்பிள்ளையா?"

"நான்தானுங்க."

"அப்ப இலவம்பஞ்சு. சித்த ஒக்காருங்க, உங்க முன்னாலயே அடைச்சுத் தாரேன். அண்ணே, அம்மணிக்கு ஒரு டீ சொல்லுங்க."

"வேண்டாமுங்க. நீங்க நோம்பா இருக்கறப்ப..."

"நோம்பு எங்களுக்குத்தானுங்களே, உங்களுக்கு இல்லையே," என்றார் பெரியத்தா. எழுந்து வாசலுக்குப் போய் எதிர்த் திரையை நோக்கி ஒரு விரலைக் காட்டினார். டீ வந்தது. இரண்டு மனிதர்கள் தொண்டை வறண்டு உட்கார்ந்திருக்க, அவர்கள் வாங்கித் தந்த டீயை நான் குடித்தேன். ஒவ்வொரு மிடறும் காதுக்கு வெளியே கேட்பதுபோல் இருந்தது.

அப்போது ஏழு வயதுப் பையன் ஒருவன் ஓடி வந்து, மூலையில் இருந்த பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தான். ஷைமாவின் தம்பி அஃபான்.

"டேய், காலைல நோம்புன்னு சொன்னே?" என்றார் சிக்கந்தர்.

"அது பதினோரு மணி வரைக்கும்."

"இன்னும் பதினொண்ணே ஆகலியே! உங்கக்காவப் பாருடா. ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம, பதினேழு நோம்பு." என் பக்கம் திரும்பினார். "எம்பொண்ணுங்க. ஆறாவது. எல்லாம் தின்னுட்டிருக்கற ஸ்கூல்ல ஒக்காந்து நோம்பு வெக்கறா."

"வெக்கறா, வெக்கறா," என்றார் பெரியத்தா. "நான்தான் தோத்துப்போனேன். முப்பதும் வெச்சுப்போட்டா ஸ்கூல மாத்தற பேச்ச எடுக்கறதில்லைன்னு சொல்லியிருக்கறேன்." கண்ணைச் சிமிட்டினார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

தலையணை பாதி நிறைந்திருந்தபோது தபால்காரர் வந்தார். பெயர் கதிரேசன் என்று அவர்கள் கூப்பிட்டதில் தெரிந்தது. ஒல்லியான ஆள், நெற்றியில் திருநீறு. சைக்கிளை ஸ்டாண்ட் போடாமல் இடுப்பில் சாய்த்துக்கொண்டு இடது கையிலிருந்த தபால் கட்டைப் புரட்டினார். என் ஊதா மையை நான் பார்த்துவிட்டேன். அவர் விரல் அந்தக் கார்டின் மேல் ஒரு நொடி நின்றது. பிறகு அதைக் கட்டின் அடிக்குத் தள்ளிவிட்டு ஒரு நீளக் கவரை எடுத்துப் பெரியத்தாவிடம் நீட்டினார்.

"ஈரோட்டுல இருந்து துணிக் கடை பில்லுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லியா கதிரேசா?" என்றார் சிக்கந்தர்.

"இன்னிக்கு இல்லீங்க பாய்."

போய்விட்டார். நான் பணத்தைக் கொடுத்து, வாய் தைத்து முடித்திராத தலையணையை வாங்கிக்கொண்டு, "அம்மணி, இருங்க, தைக்கோணும்" என்ற குரலைக் காதில் வாங்காமல் ஓடினேன். மூன்றாவது கடையில் அவரைப் பிடித்தேன். தலையணையின் வாயிலிருந்து பஞ்சு வழியெல்லாம் சிந்தியிருந்தது.

"ஏனுங்க, அந்தக் கார்டு. நான் எழுதுனதுங்க."

அவர் என்னையும் தலையணையையும் பார்த்தார். "உங்க எழுத்தா? நல்லா குண்டுகுண்டா இருக்குதுங்க. எங்கண்ணுக்கே கண்ணாடி இல்லாமத் தெரியுது. அதான் வம்பாப்போச்சு."

"எங்கிட்டக் குடுத்துருங்க."

"அது முடியாதுங்க. எழுதுனது நீங்கதான். பெட்டில போட்டதுக்கப்பறம் அது பாயோடது."

"பின்ன ஏன் அவருகிட்டக் குடுக்கலை?"

கதிரேசன் சைக்கிளை ஓரமாகத் தள்ளினார். குரலைத் தாழ்த்தினார். தெருவுக்கே கேட்கப் பேசுகிறவர் என்று ஷைமா சொன்ன மனிதருக்கு இந்தக் குரலும் இருந்தது.

"பாய்க்குக் கண்ணாடி எப்பவும் ஊட்டுல. கார்டக் குடுத்தா 'வாசி கதிரேசா'ம்பாரு. வாசிச்சா அண்ணங்காரரு கேப்பாரு. தேதி வேற போட்டிருக்கறீங்க. ஏழு, எட்டு, ஒம்போதுன்னு. நோம்பு மாசத்துல அத நான் எந்த வாயில வாசிக்கறதுங்க?" பையைத் தட்டினார். "பெருநா முடிஞ்சு மறுநாக் குடுத்துருவேன். கிழிச்செல்லாம் போட மாட்டேன். இத்தன வருசத்துல ஒரு காயிதத்தக்கூடக் கிழிச்சதில்ல. லேட்டுப் பண்ணியிருக்கறேன். கல்யாண ஊட்டுக்குச் சாவுக் காயிதம் வந்தா, தாலி கட்டறவரைக்கும் என்ற பைல இருந்திருக்குது. அது தப்புன்னா தப்புத்தான்."

அவ்வளவுதான். பெடலை மிதித்துப் போய்விட்டார். பதிமூன்று நாள் கிடைத்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் அந்தத் தலையணையைக் கட்டிக்கொண்டு வீடுவரை நின்றே போனேன். ஞாயிறு ஆராதனையில் பாடல் எண்ணைச் சொன்னார்கள். நான் வேறு பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை எட்டரைக்கு ஆபீஸ் பூட்டைத் திறக்கப் போனபோது ஷைமா அங்கே நின்றுகொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"சனிக்கெழம கார்டு வரலீங்க மிஸ். கடைக்குப் பக்கத்துலயே நின்னு பாத்தேன். நீங்க தலகாணி வாங்குனதையும் பாத்தேன். எடுத்துட்டீங்களா?"

"எடுக்க முடியலை. ஆனா பயப்படாத. போஸ்ட்மேனுக்கு எல்லாம் தெரியும். பெருநாள் முடியறவரைக்கும் குடுக்க மாட்டாரு."

அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். அவளோ விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினாள்.

"இன்னும் பன்னண்டு நாளுங்களா?"

"பன்னண்டு நாள் இருக்குது. அதுக்குள்ள மெதுவா..."

"பன்னண்டு நாளும் அத்தா எனக்குத்தானுங்க மொதல்ல பழம் தருவாரு!" கோபமாகச் சொன்னாள். என் மேல்தான் கோபம் என்று தோன்றியது. "பெருநாளைக்குப் புதுத் துணி எடுத்துட்டாங்க. நேத்து நோம்பு தொறக்கறப்ப அத்தா சொல்றாரு, 'பாத்தீங்களாண்ணே, எம்பொண்ணு ஜெயிச்சுப்போட்டா'ன்னு. பெரியத்தாவும் சிரிச்சுட்டு எந்தலைல கை வெச்சாருங்க. பெருநாளைக்கு மறுநா கார்டு வந்தா?"

ஆபீஸ் கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டேன்.

"இன்னிக்கே வந்திருந்தா இன்னிக்கே திட்டிருப்பாங்க. எனக்குச் சனிக்கெழமையிலிருந்து ஒரு எடத்துல ஒக்கார முடியலீங்க. தெருவுல சைக்கிள் சத்தம் கேட்டா ஓடிப்போய்ப் பாக்கறேன். நேத்து நெஜமாவே நோம்பு வெச்சேன். அதுவும் பொய்யாட்டமே இருக்குது."

"மிச்ச நோம்பை ஒழுங்கா வெச்சிரு. அது போதும்," என்றேன். இருபத்திரண்டு வயதுக்காரி பதினொரு வயதுக்காரிக்குச் சொல்லக்கூடிய ஆறுதல் அவ்வளவுதான் என்னிடம் இருந்தது.

அவள் என் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஸ், போன் பேசலாங்களா?"

ஆபீஸ் போனின் சுழல் வட்டில் ஒரு சின்னப் பூட்டுத் தொங்கும். சாவி என் டிராயரில். யார் பேசினாலும் நோட்டில் தேதியும் காரணமும் எழுத வேண்டும். பிள்ளைகள் பேச அனுமதி கிடையாது. ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு பூட்டைத் திறந்து, நோட்டில் 'மதிய உணவு அட்டை, பெற்றோருக்குத் தகவல்' என்று எழுதினேன். அது பொய் இல்லை.

மெத்தைக் கடையில் போன் கிடையாது. படிவத்தில் பக்கத்துக் கடை எண்ணைக் கொடுத்திருந்தார்கள். கண்ணையா என்பவரின் இரும்புச் சாமான் கடை. நான் எண்ணைச் சுற்றிக் கொடுத்தேன். இரண்டு கைகளாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணையா மாமாங்களா? நான் ஷைமா. அத்தாவக் கூப்புடறீங்களா?"

காத்திருந்தாள். ஒரு காலை மறுகாலின் மேல் வைத்தாள், எடுத்தாள். போன் ஒயரை விரலில் சுற்றிச் சுற்றி விரல் நுனி வெளுத்துவிட்டது. நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். தலையை ஆட்டி இருக்கச் சொன்னாள்.

"அத்தா... இல்லீங்க, ஒடம்பெல்லாம் நல்லா இருக்குது. ஸ்கூல்ல இருந்துதான்... அத்தா, என்ற சாப்பாட்டு அட்டைல அஞ்சு சாப்பாடுதான் மிச்சங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அவள் என் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க... எட்டு நாள்... இல்லீங்க, யாரும் வற்புறுத்தல. பசிச்சுது... கார்டு போட்டிருக்காங்க, அது லேட்டா வரும்... இல்லீங்க, அதுக்காகச் சொல்லல. என்னால முடியலீங்க அத்தா." குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "இன்னிக்கு நோம்புதாங்க. நெசமாத்தான். சரிங்க... சரிங்க."

ரிசீவரை அதன் இடத்தில் வைக்கத் தெரியாமல் என்னிடம் நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். தொடர்பு அறுந்திருந்தது.

"என்ன சொன்னாரு?"

"நோம்புல இம்புட்டுப் பேசாத, தொண்ட காஞ்சுபோகும்னாரு."

"அவ்வளவுதானா?"

"பெரியத்தாகிட்ட நானே சொல்லோணுமாமுங்க. சாயங்காலம், நோம்பு தொறந்தப்பறம். அத்தா பக்கத்துல இருப்பாராம். ஆனா வாயத் தொறக்க மாட்டாராம்."

"ஸ்கூலு?"

"அதக் கேக்கலீங்க," என்றாள். "கேட்டா அதுக்காகச் சொன்ன மாதிரி ஆயிரும்."

முதல் மணி அடித்தது. கன்னத்தை ரிப்பன் நுனியால் துடைத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள். அன்று காலை முழுக்க நான் எதையும் உருப்படியாக அடிக்கவில்லை. பிஸ்கட் டப்பாவில் நான்கு அட்டைகள் வந்திருந்தன. நான்கையும் பெயர் பார்த்து, வகுப்பு பார்த்து, தேதி பார்த்து, மறுபடியும் பெயர் பார்த்து அப்படியே வைத்துவிட்டேன்.

பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. வராந்தா முழுக்கத் தட்டுச் சத்தம். கூட்டத்துக்கு எதிர்த்திசையில் ஷைமா நூலகத்துப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். சாம்பார் வாசனை ஆபீஸ் வரைக்கும் அடித்தது. மூக்கைப் பொத்திக்கொள்ளாமல், வேகமாகவும் நடக்காமல் வந்தாள். என் ஜன்னலுக்கு நேரே வந்ததும் நின்றாள்.

"மிஸ், இன்னிக்கு ஆறரைக்கு நோம்பு தொறப்பாங்க. அதுக்கு இன்னும் எத்தன மணி நேரமுங்க?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். "அஞ்சே முக்கால்."

"அம்மாடி," என்றாள். பிறகு நூலகத்துக்குள் போனாள்.